சந்துப் பக்கம் வைத்த கதவு

எங்கள் வீட்டுக் குளியலறைக்கு இரண்டு கதவுகள். ஒன்று கூடத்திலிருந்து போவது. மற்றொன்று சந்துப் பக்கம் திறப்பது. அதை என் கணவர் சுவரை உடைத்து வைத்தார். அந்தச் சந்துக் கதவு வழியாக எத்தனையோ ஊர்க்காரர்கள் எங்கள் வீட்டுக்குள் வந்து குளித்துவிட்டுப் போனார்கள். அவர்களுடைய முகங்கள் பெரும்பாலும் எனக்கு மறந்துவிட்டன. விட்டுவிட்டுப் போனவை மறக்கவில்லை. சோறு பிசையும்போது சில நாள் அவை ஞாபகத்துக்கு வரும். தட்டில் கை கழுவிவிட்டு எழுந்துவிடுவேன்.

பெசன்ட் நகர் கடற்கரைக்குப் பின்னால், வாரியக் குடியிருப்பில் கீழ்த்தளத்தில் எங்கள் வீடு. ஒரு கூடம், அதன் மூலையில் அடுப்பு, குளிக்கவும் கக்கூஸுக்கும் சேர்த்து ஒரே அறை. கணவர், அவருடைய அப்பா, நான் என்று மூன்று பேர். மகளைக் கட்டிக்கொடுத்தாகிவிட்டது, நங்கநல்லூரில் இருக்கிறாள். கணவர் ஆட்டோ ஓட்டுகிறார். நான் பத்தாவது வரை படித்தவள். தி.நகரில் ஒரு ஜவுளிக்கடையில், வாடிக்கையாளர்கள் பிரித்துப் பார்த்துவிட்டுப் போட்ட புடவைகளைத் திரும்ப மடித்து அடுக்கும் வேலை பார்த்துவந்தேன். பேசி விற்பதெல்லாம் முன்னால் நிற்கும் பெண்களின் பாடு. பின்னால் உட்கார்ந்து மடிப்பவளிடம் யாரும் எதுவும் கேட்பதில்லை. அதனாலேயே அந்த வேலை எனக்குப் பிடித்திருந்தது. நாலு பேர் ஒன்றாகப் பார்த்தால் எனக்கு நாக்கு எழாது.

ஒருநாள் குடியிருப்பு மைதானத்தில் பிளாஸ்டிக் நாற்காலிகள் போட்டு ஒரு கூட்டம் நடத்தினார்கள். கடற்கரையைச் சீர்படுத்தப் போகிறார்களாம், நடைபாதை வருமாம், விளக்குகள் வருமாம். சுற்றுலா வளர்ந்தால் கரையோரத்தில் இருக்கும் ஒவ்வொரு குடும்பமும் வளரும் என்று ஒருவர் மைக்கில் பேசினார். "கடல் உங்க வாசல்லயே இருக்கு. அதை வெச்சு என்ன பண்ணலாம்னு ஒவ்வொருத்தரும் யோசிக்கணும்" என்றார். எல்லோருக்கும் சமோசா கொடுத்தார்கள். நான் சாப்பிட்டுவிட்டு வந்து மறந்துவிட்டேன். என் கணவர் யோசித்தார்.

அவருக்கு ஆட்டோ ஸ்டாண்டில் பழக்கமான ஆள் ஒருவர் உண்டு. வெளியூரிலிருந்து பஸ் பஸ்ஸாக ஆட்களைக் கூட்டிவந்து சுற்றிக்காட்டும் டூர்காரர். காலையில் மயிலாப்பூர்க் கோயில், அப்புறம் எங்கள் கடற்கரை, கடலோரக் கோயில், கடல் குளியல், மதியத்துக்கு மேல் தி.நகர் கடைகள். இதில் கடலுக்கும் தி.நகருக்கும் நடுவில்தான் சிக்கல். பாவாடைக்குள் மணலும் தலையில் உப்புமாக யாரும் பட்டுப்புடவை எடுக்கப் போக விரும்புவதில்லை.

"மச்சி, ஜனம் ஈரத்தோட பஸ்ல ஏறுது, சீட்டெல்லாம் நாறிக்கினு கீது" என்றார் டூர்காரர், எங்கள் வாசலில் நின்று டீ குடித்தபடி. "நீ நல்ல தண்ணி குடு. நான் ஆள் குடுக்கறேன். ஒரு கதவு வெச்சா போதும்."

அடுத்த வாரமே கொத்தனார் வந்தார். கூடத்துப் பக்கக் கதவுக்கு உள்ளே ஒரு தாழ்ப்பாள் வைத்தார்கள், குளிக்க வருகிறவர்கள் பூட்டிக்கொள்ள. சனி, ஞாயிறு இரண்டு நாள் வருமானம் ஆட்டோவில் ஒரு வாரம் முழுக்க ஓடுவதைவிடக் கூடுதலாக வந்தது. ஜவுளிக்கடையில் சனி, ஞாயிறு லீவு கேட்க முடியாது. என் வேலையை விடச் சொன்னார். விட்டேன்.

சந்தில் ஒரு ஸ்டூல் போட்டு, சந்துக் கதவுக்குப் பக்கத்தில் நான் உட்காரவேண்டும். காசு வாங்கவேண்டும், பக்கெட் நிரப்பவேண்டும், ஒருவர் வெளியே வந்ததும் உள்ளே போய்த் தரையைக் கழுவிவிட்டு அடுத்தவரை அனுப்பவேண்டும். ஜவுளிக்கடையில் இதே மாதிரி ஆட்களைத்தான் பார்த்திருக்கிறேன். பவுடர் போட்டு, பூ வைத்து, ஏ.சி.யில் உட்கார்ந்து, "இந்தக் கலர்ல வேற பார்டர் இல்லையா" என்று கேட்பார்கள். அந்த பவுடருக்கு முன்னால் அவர்கள் எப்படி இருப்பார்கள் என்பதை எங்கள் சந்தில்தான் தெரிந்துகொண்டேன்.

"ஏக்கா, தண்ணி ஜில்லுனு இருக்கு. சுடுதண்ணி கிடையாதா?"

"உள்ள போனவன் திரும்பக் கடலுக்கே போயிட்டானா? கதவைத் தட்டுக்கா."

"காசு வாங்குறீங்கல்ல, ஒரு துண்டு வெச்சா என்ன?"

எதற்கும் நான் பதில் சொல்லமாட்டேன். பக்கெட்டைக் காட்டுவேன், கதவைக் காட்டுவேன். ஊமை என்று நினைத்து என்னிடம் சைகையில் பேசியவர்களும் உண்டு. அதுவும் வசதியாகத்தான் இருந்தது.

கதவைத் திறந்து உள்ளே போகும் அந்த நிமிடம்தான் மோசம். கொஞ்சம் முன்னால்தான் கழுவி விட்டிருப்பேன். அதற்குள் தரை முழுக்க மணல், அதில் முடி, ஷாம்பு கவர், கிழித்த பிளாஸ்டர். குழாய்க்குப் பின்னால் சுருட்டிச் செருகிய பெண்கள் சமாச்சாரம். பக்கத்திலேயே கக்கூஸ் பீங்கான் இருந்தாலும் குளிக்கும் தரையிலேயே நின்று போய்விட்டு, தண்ணீர்கூட ஊற்றாமல் வருவார்கள் ஆண்கள். சுவரில் பாக்கு எச்சில். ஒருதரம் நாங்கள் குளிக்கும் சோப்பை யாரோ எடுத்துப் போட்டுத் தேய்த்துவிட்டு, முடியோடு திரும்ப அதே இடத்தில் வைத்திருந்தார்கள். அந்த சோப்பை ஒரு குச்சியால் தள்ளித்தான் வெளியே எறிந்தேன். அன்றிலிருந்து எங்கள் சோப்பும் பல்துலக்கும் பிரஷ்களும் சமையல் அலமாரியில், உப்பு டப்பாவுக்குப் பக்கத்தில் குடியேறின.

இதையெல்லாம்கூடப் பழகிக்கொண்டிருப்பேன். துணிகள்தான் பழகவில்லை.

முதலில் ஒரு வேட்டி கிடந்தது. மறந்துவிட்டார்கள் என்று பிழிந்து சந்துக் கம்பியில் போட்டேன். அடுத்த வாரம் இரண்டு பாவாடைகள், ஒரு பனியன், ஒரு குழந்தையின் ஜட்டி. அதற்கடுத்த வாரங்களில் குவியலாகவே கிடந்தது. ஈரத் துணி, மணல் சேர்ந்து கனத்து, மூலையில் செத்த பிராணி மாதிரி கிடக்கும். ஒரு பெண்மணியின் பின்னால் போய்த் துணியை நீட்டினேன். அவர் பதறிப்போய் இரண்டடி தள்ளி நின்றார்.

"அய்யோ, வேண்டாம். கடல்ல முழுகுன துணிய வீட்டுக்குக் கொண்டு போகப்படாதாமே. பாவம் அதுலயே ஒட்டிக்கிட்டுக் கூட வந்துருமாம். பஸ்ல அந்தத் தம்பி சொன்னாரு. நீ கடக்கரையிலயே இருக்கே, உனக்குத் தெரியாதா?"

எனக்குத் தெரியாது. பிறந்ததிலிருந்து இந்தக் கடலுக்குப் பக்கத்தில்தான் இருக்கிறேன். எங்கள் பக்கத்தில் கடலில் நனைந்த துணியைப் பிழிந்து காயப்போட்டு மறுபடி கட்டிக்கொள்வோம். பாவத்துக்குத் தனியாகத் துணி வைத்திருக்கும் அளவுக்கு யாரிடமும் துணி கிடையாது. ஆனால் வெளியூர்க் கோயில்கள் சிலவற்றில் குளித்த துணியை அங்கேயே விட்டுவிட்டு வரும் வழக்கம் இருப்பதாகக் கேள்விப்பட்டிருக்கிறேன். அதனால் இதுவும் அப்படி ஏதோ சாஸ்திரம் போலிருக்கிறது என்று நானும் நம்பினேன். மற்றவர்கள் பாவத்தையெல்லாம் வாரத்துக்கு இரண்டு நாள் என் கையால் அள்ளுகிறேன் என்ற நினைப்பு வந்தபிறகு, அள்ளியதும் மஞ்சள்பொடி போட்டுக் கை கழுவத் தொடங்கினேன்.

பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை சந்தின் திருப்பத்தில் டூர்காரர் வேறொரு பஸ் டிரைவருக்குச் சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்தது என் காதில் விழுந்தது.

"ஈரத் துணிய கவர்ல போட்டு பஸ்ல வெச்சா, தி.நகர் போறதுக்குள்ள கலீஜாப் பூடும். வெக்காதீங்கன்னா கேப்பாங்களா? சண்டைக்கு வருவாங்க. சாமி பேரச் சொல்லு, பாவம்னு சொல்லு, அவனவன் அவுத்து வுட்டுட்டு வந்துடுவான். நான் கண்டுபிடிச்சதுதான் இது. இப்ப எல்லா பஸ்லயும் இதான்."

டிரைவர் சிரித்தார். நான் பக்கெட்டைத் தூக்கிக்கொண்டு உள்ளே போய்விட்டேன். கணவரிடம் சொன்னேன். அவரும் சிரித்தார். "மூள இருக்கிறவன் பொழச்சிக்கறான். நீ இன்னாத்துக்குமே மூஞ்ச தூக்கிக்கினு கீற?" என்றார்.

சிரித்த வாய் அந்த மாதமே மூடியது. துணிகளைக் கண்ட இடத்தில் போட மனமில்லாதவர்கள் பீங்கானுக்குள் திணித்துத் தண்ணீர் ஊற்றியிருக்கிறார்கள். மேலே கடல் மணல் வேறு. அடைத்துக்கொண்டது. கூடத்துக்குள் வந்த தண்ணீரைப் பற்றி எழுத எனக்கே பிடிக்கவில்லை. அடுப்பின் கால்வரைக்கும் வந்தது என்று மட்டும் சொல்கிறேன். மாமனார் கட்டிலில் காலை மடக்கி ஏற்றிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். கணவர் கை முழுக்கப் பிளாஸ்டிக் பையைச் சுற்றிக்கொண்டு குழாயிலிருந்து ஒரு முழுப் பாவாடையை இழுத்து எடுத்தார். நாடா கடைசியில் வந்தது.

இந்த மாமனாரைப் பற்றித்தான் சொல்லவேண்டும்.

மீன்களுக்கு ஐஸ் உடைத்துப் போடும் வேலையில் காலம் கழித்தவர். தோள் இன்னும் அகலமாக இருந்தது, கீழே உடம்பு வற்றிவிட்டது. வயதான ஆண்களுக்கு அடிவயிற்றில் வரும் அந்த வீக்கம் அவருக்கு வந்திருந்தது. அடிக்கடி ஒன்றுக்குப் போகவேண்டும், வந்தால் அடக்க முடியாது. அடக்கக்கூடாது என்று டாக்டரும் சொல்லியிருந்தார். வார நாட்களில் ஒன்றுமில்லை. சனி, ஞாயிறில் கூடத்துக் கதவை அவர் தள்ளுவார். உள்ளே தாழ் போட்டிருக்கும்.

"ஆள் இருக்கு" என்று குரல் வரும். எங்கள் வீட்டுக்குள் நின்றுகொண்டு எங்களுக்கே சொல்வார்கள்.

"யாரு ராசா உள்ள? கொஞ்சம் சீக்கிரம் வாயேன். நானும் டிக்கெட் வாங்கிக்கீறேன்" என்பார் மாமனார். முதலில் வேடிக்கையாகத்தான் சொல்வார். பிறகு கதவின் மேல் கை வைத்துக்கொண்டு, பேசாமல் ஒரு காலிலிருந்து மறு காலுக்கு மாறி மாறி நிற்பார். ஒருமுறை நான் சந்திலிருந்து உள்ளே வந்தபோது, கூடத்தில் திரும்பி நின்று ஈர லுங்கியைத் தானே அவிழ்த்துக்கொண்டிருந்தார். நான் பார்க்கவில்லை என்கிற மாதிரி வெளியே போய்விட்டேன். அவரும் நான் பார்க்கவில்லை என்கிற மாதிரியே இருந்தார்.

கணவர் ஒரு வழி கண்டுபிடித்தார். அவருடைய அண்ணன் குடும்பம் முன்பு சைதாப்பேட்டை ஆற்றங்கரையில் இருந்தது. அவர்களை ஊருக்கு வெளியே பெரும்பாக்கத்தில் உயரமான மாடி வீட்டுக்கு மாற்றியிருந்தார்கள். வெள்ளிக்கிழமை சாயங்காலம் நைனா அங்கே போய்விட்டுத் திங்கட்கிழமை வரட்டும் என்றார். ஒரே ஒரு வாரம் போனார். ஞாயிறு காலையிலேயே பஸ் மாறி மாறி ஏறித் தனியாகத் திரும்பி வந்து நின்றார்.

"லிஃப்ட்டுல ஏறுனா தல சுத்துது. படியில ஏறுனா மூச்சு வாங்குது. கீழ எறங்காம மேலயே குந்திக்கினு இருந்தா அது இன்னாடா வூடு, பொறா கூண்டா?"

"அப்ப இங்க சும்மா கெட. ஜனம் வர நேரத்துல கதவாண்ட போய் நிக்காத" என்றார் கணவர்.

"நிக்க மாட்டேன். போ."

அதற்குப் பிறகு உண்மையாகவே அவர் நிற்கவில்லை. சனி, ஞாயிறில் கட்டிலை விட்டு எழுவதேயில்லை. நோய் கொஞ்சம் தணிந்திருக்கிறது என்று கணவர் சந்தோஷப்பட்டார். எனக்கும் முதலில் அப்படித்தான் பட்டது. ஆனால் கட்டிலுக்குப் பக்கத்தில் நான் வைக்கும் தண்ணீர் பாட்டில் சனிக்கிழமை காலையில் வைத்தபடியே ஞாயிறு சாயங்காலமும் இருந்தது. டீ கொடுத்தால் ஆறட்டும் என்பார். ரசம் வேண்டாம், மோர் வேண்டாம். சோற்றை வெறுமனே விழுங்குவார். உதடு வெடித்திருந்தது.

"மாமா, தண்ணி குடிக்கலையா?"

"தாகமே இல்லம்மா."

மழை பொய்த்த ஐப்பசியில் வெயில் அடித்த நாள் அது, சுவரில் கை வைக்க முடியவில்லை. அவர் என்னைப் பார்க்காமல் சொன்னார்: "ரெண்டு நாளுதானே. திங்கக்கிழம சேத்துக் குடிச்சிக்கறேன்."

வெளியே யாரோ "அக்கா, தண்ணி வரலை" என்று கத்தினார்கள். பக்கெட் பக்கெட்டாகத் தண்ணீர் பிடித்து ஊருக்கெல்லாம் ஊற்றிக்கொண்டிருந்தேன்.

அடுத்த சில வாரங்களில் அவருக்குக் குளிர் ஜுரம் வந்தது. பிறகு ஒன்றுக்குப் போவதே ஒரேயடியாக நின்றுபோனது. வயிறு கல் மாதிரி உப்பிக் கத்தத் தொடங்கினார். அரசாங்க ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடினோம். டியூப் செருகி, பையைத் தொங்கவிட்டு, மருந்து கொடுத்து, சில நாள் கழித்து வீட்டுக்கு அனுப்பினார்கள். டியூபை எடுக்க வரவேண்டிய தேதியைச் சீட்டில் எழுதிக்கொடுத்தார் டாக்டர். ரொம்ப நாள் விட்டுவைத்தால் புண்ணாகிவிடும், மறக்காமல் வாருங்கள் என்று இரண்டு தடவை சொன்னார்.

அந்தத் தேதி அரையாண்டுத் தேர்வு லீவில் வந்தது. லீவில் சனி, ஞாயிறு என்றெல்லாம் கிடையாது; தினமும் பஸ் வரும். அப்படியே பொங்கல்வரை ஓடும். எங்களுக்கு அதுதான் சீசன்.

வாசலில் டூர்காரரும் கணவரும் பேசிக்கொண்டிருந்தார்கள். மாமனார் கட்டிலில் பையை மடியில் வைத்துக்கொண்டிருந்தார். கதவு திறந்துதான் இருந்தது.

"நைனாவுக்கு இப்ப பாத்ரூமே தேவையில்ல" என்றார் கணவர். "டியூப்பு எல்லாத்தையும் பாத்துக்குது. கெடக்கட்டும். பொங்கல் போவட்டும், அப்பால போயி எடுத்துக்கலாம்."

"ஒங்க நைனா குடுத்து வெச்சவரு மச்சி" என்றார் டூர்காரர். "வூட்டுக்கு ஒரே ஒரு லைன்தான் எல்லாருக்கும். அவருக்கு மட்டும் தனி லைன் குடுத்துட்டாங்க."

இரண்டு பேரும் சிரித்தார்கள். சந்தில் இத்தனை நாள் அள்ளிய எதுவும் அந்தச் சிரிப்பு அளவுக்கு எனக்குக் குமட்டவில்லை. மாமனார் மகனை ஒன்றும் கேட்கவில்லை. பையில் இருந்ததை நான் கொண்டுபோய் ஊற்றிவிட்டு வந்தபோது என்னிடம் மெதுவாகக் கேட்டார்.

"பொங்க கழிச்சுன்னா, அதுவரிக்கும் இதத் தூக்கிக்கினேவா?"

சீட்டை எடுத்துத் தேதியை மறுபடி பார்த்தேன். பதில் சொல்லத் தெரிந்திருந்தால் வாசலிலேயே சொல்லியிருப்பேன்.

எழுதிக்கொடுத்த தேதியன்று கணவர் ஆட்டோ எடுத்துக்கொண்டு போனதும், மாமனாருக்கு வேட்டி கட்டி, பையைத் துண்டால் மூடி, பஸ்ஸில் கூட்டிப்போனேன். ஆஸ்பத்திரியில் யாரிடம் எதைக் கேட்பது என்று தெரியாமல் சுவரோரமாக நின்றேன். ஒரு நர்ஸம்மா அவளாக வந்து சீட்டை வாங்கிப் பார்த்தாள். டியூபை எடுத்துவிட்டார்கள். "வீட்டுக்குப் போய்த் தண்ணி நிறையக் குடிக்கட்டும். சாயங்காலத்துக்குள்ள தானாப் போகணும். போனா நல்லது. போகலேன்னா இங்கதான் வரணும், திரும்ப டியூப்தான். அவசரப்படுத்தாதீங்க, பயந்தா வராது" என்று சொல்லி அனுப்பினார்கள்.

மாமனார் ஷேர் ஆட்டோவில் வரும்போதே ஒரு பாட்டில் தண்ணீரைக் குடித்து முடித்தார். வீடு வந்து இன்னொன்று குடித்தார்.

சந்தில் பஸ் ஆட்கள் நின்றிருந்தார்கள். கணவர் திரும்பி வந்து ஸ்டூலில் உட்கார்ந்து அவரே காசு வாங்கிக்கொண்டிருந்தார். "எங்கமே போன? கூட்டம் நிக்கறது தெரியல?" என்று கேட்டவர், மாமனாரின் வேட்டியைப் பார்த்தார். பை இல்லை. அவர் முகம் மாறியது.

நான் கூடத்துக்குள் போய்க் கதவுக்குப் பக்கத்தில் நின்றேன். உள்ளே ஒருவர் பாட்டு முணுமுணுத்துக்கொண்டு குளித்தார். முடித்து, கூடத்துக் கதவின் உள் தாழை நீக்கிவிட்டுச் சந்துப் பக்கமாக வெளியேறினார். அடுத்த ஆள் உள்ளே வருவதற்குள் நான் புகுந்து சந்துக் கதவை உள்ளிருந்து தாழ் போட்டேன். தரையில் இரண்டு ஈர வேட்டிகள், ஒரு சுடிதார் பேன்ட். குச்சியைத் தேடவில்லை. கையாலேயே அள்ளி, மேலே இருந்த சின்ன ஜன்னல் வழியாகச் சந்தில் எறிந்தேன். யாரோ மேல் விழுந்தது போலிருக்கிறது, ஒரு கூச்சல் கேட்டது. பிளீச்சிங் பவுடர் போட்டுத் தேய்த்துக் கழுவினேன். மாமனாரை உள்ளே விட்டுக் கதவைச் சாத்திவிட்டு, வாசல் வழியாகச் சுற்றிச் சந்துக்குப் போய்ச் சந்துக் கதவுக்கு முன்னால் நின்றுகொண்டேன்.

அதற்குப் பிறகு வந்த நாட்களை இங்கேயே சொல்லிவிடுகிறேன். கணவர் தை பிறக்கும்வரை என்னோடு பேசவில்லை. டூர்காரர் தன் பஸ்களை மூன்றாவது சந்துக்குத் திருப்பிக்கொண்டார். அங்கேயும் சுவரை உடைத்து ஒரு கதவு வைத்திருக்கிறார்கள். அந்த வீட்டுப் பெண் மூக்கில் முந்தானையைக் கட்டிக்கொண்டு துணிகளைத் தள்ளுவதைக் கடைக்குப் போகும்போது பார்க்கிறேன். டூர்காரரின் பாவக் கணக்கு இப்போது கோவளம்வரைக்கும் பரவிவிட்டது என்கிறார்கள். நான் பழைய ஜவுளிக்கடைக்கே மடிக்கப் போகிறேன். வருமானம் குறைவுதான். கணவர் அதைத் தினம் ஒருதரம் சொல்லிக்காட்டுகிறார்.

அன்று சந்தில் நடந்ததைச் சொல்கிறேன்.

"இன்னா இது? பஸ் கெளம்பணும். கதவ தொறக்கச் சொல்லு" என்றார் டூர்காரர் கணவரிடம்.

"நவுருமே" என்றார் கணவர்.

நான் நகரவில்லை. ஈரத் தலையோடு எல்லோரும் என்னையே பார்த்தார்கள். காது சுட்டது.

"காசு வாங்கிட்டு இப்படி நிக்க வெச்சா எப்படி?" என்றார் ஒருவர். "மேல துணிய வேற வீசுறா, பைத்தியமா?" என்றார் இன்னொருவர். பின்னாலிருந்து ஒரு பையன் என் தோளுக்கு மேலாகக் கையை நீட்டிக் கதவைத் தட்டினான்.

"தட்டாதீங்க" என்றேன். என் குரல் எனக்கே புதிதாக இருந்தது. "உள்ள பெரியவரு கீறாரு. இன்னிக்குதான் டியூப் எடுத்தாங்க. அவருக்கு மூத்திரம் போவணும். போவலேன்னா திரும்பப் போட்டுடுவாங்க. தட்டுனா பயந்துடுவாரு."

அந்த வார்த்தையை வேற்று ஆண்களுக்கு முன்னால் வாய்விட்டு நான் சொன்னதே கிடையாது. கணவர் தலையைத் திருப்பிக்கொண்டார். டூர்காரர், "அதுக்கு? இத்தினி ஜனமும் ஒரு கெழவன் ஒண்ணுக்குப் போறவரிக்கும் நிக்கணுமா?" என்றார்.

கூட்டத்திலிருந்து ஒரு பெண் முன்னால் வந்தாள். கோயம்புத்தூர்ப் பக்கத்துப் பேச்சு. முழங்கால்வரை மணல், பிழியாத புடவை, மூக்கில் சளி ஒழுகிய குழந்தை ஒன்று இடுப்பில்.

"எங்கப்பாருக்கும் இதேதானுங்கக்கா" என்றாள். "உள்ள குழாயத் தொறந்து உடச் சொல்லுங்க. தண்ணி உழுகுற சத்தங் கேட்டா தானா வந்துரும். எங்கப்பாருக்கு அப்படித்தான் வந்துச்சு."

நான் கதவில் வாயை வைத்து, "மாமா, பைப்பத் தொறந்து வுடுங்க" என்றேன்.

உள்ளே ஒன்றும் கேட்கவில்லை. பிறகு குழாய் திறக்கும் சத்தம். பக்கெட்டில் தண்ணீர் விழத் தொடங்கியது. அந்தப் பெண் விரலை உதட்டில் வைத்துக் கூட்டத்தைத் திரும்பிப் பார்த்தாள். எப்படியோ எல்லோரும் பேச்சை நிறுத்திவிட்டார்கள். எங்கிருந்தோ வந்த முன்பின் தெரியாத ஜனங்கள், ஈரத்துணியும் மணலுமாக, எங்கள் சந்தில் நின்று என் மாமனாருக்கு மூத்திரம் வருகிறதா என்று காது கொடுத்துக் கேட்டுக்கொண்டிருந்தார்கள். நினைத்தால் இப்போதும் உடம்பு கூசுகிறது. ஆனால் கேட்டார்கள்.

பக்கெட் நிரம்பி வழிந்தது. இன்னும் ஒன்றுமில்லை. டூர்காரர் ஏதோ முனகிவிட்டு பஸ் நின்ற பக்கம் நடந்தார். சிலர் அப்படியே ஈரத்தோடு அவர் பின்னால் போனார்கள். அந்தப் பெண் போகவில்லை. குழந்தை சிணுங்கியது, அதன் வாயைப் பொத்தினாள்.

அப்புறம் தண்ணீர்ச் சத்தத்தோடு வேறொரு சத்தமும் சேர்ந்தது. முதலில் விட்டுவிட்டு, பிறகு ஒரே சீராக. அது முடியும்வரை நாங்கள் இருவரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொள்ளவில்லை.

நான் ஓடிச் சுற்றிக்கொண்டு கூடத்துக்குள் வந்தேன். மாமனார் கதவைத் திறந்து, வேட்டியைச் சரிசெய்துகொண்டே வெளியே வந்தார். கண் சிவந்திருந்தது. என்னைப் பார்த்ததும் முகத்தைக் கடுகடுவென்று வைத்துக்கொண்டார்.

"யாரும்மா அவ, பைப்பத் தொறக்கச் சொன்னவ? ஒரு பக்கெட் நல்ல தண்ணி அநியாயமா சாக்கடைக்குப் போச்சு."